தட்டில் பொறுக்குகிறவன் ரொட்டியைக் குறைத்த விதம்

தலவாக்கலை டவுனில் பத்தொன்பது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் பொழுது சாயும்போதுதான் எழும்புவது. ஊர்க்காரர் இடுப்பெல்லாம் என் அளவுக் கொப்பியில் இருக்கிறது, என்னுடையதும் இருக்கிறது. பாடசாலைச் சீருடை நெருக்கடி முடிந்த கையோடு எனக்கென்று ஒரு களிசான் வெட்டலாம் என்று கொப்பியைப் புரட்டினால் 35 என்று எழுதியிருக்கிறேன். நாடாவைச் சுற்றினேன். 40. கழற்றி மறுபடி சுற்றினேன். அப்போதும் 40தான்.

அதே மாதம் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் எச்பிஏ1சி 6.2. மூன்று மாதச் சீனியின் சராசரியைச் சொல்லும் சோதனை அது. 5.7க்குக் கீழே என்றால் பயமில்லை, 6.5ஐத் தொட்டால் சீனி வியாதி. நான் நடுவில் நின்றேன். "சோறு, ரொட்டி, சீனி மூன்றையும் குறைங்க. மீன், காய்கறி, கீரை, தயிர் எல்லாம் நல்லாச் சாப்பிடுங்க" என்றார் டொக்டர். நல்ல புத்திதான். ஆனால் அவர் சொன்ன நாலில் மூன்றை நான் சின்ன வயதிலிருந்தே தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பவன்.

வெண்டிக்காய், கத்தரிக்காய், பூசணிக்காய்: வழுவழு என்று தொண்டையில் இறங்குவது எதுவும் ஆகாது. காளான் வாயில் வைத்தால் ரப்பர். தயிரின் புளிப்பு நாற்றம் தூரத்திலேயே தெரிந்துவிடும். பச்சை மீன் கறி என்றால் கடைக்கே போய்விடுவேன். பிடித்ததெல்லாம் ரொட்டி, இடிச்ச சம்பல், பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், பொரித்த நெத்தலிக் கருவாடு, முட்டை, சீனி தூக்கலாகப் போட்ட தேத்தண்ணி. இந்த லட்சணத்தில் மாச்சத்தைக் குறைப்பது எப்படி என்று ஒன்பது மாதமாகத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். என்னைப் போல் தட்டில் பொறுக்குகிறவர்களுக்காக. எதைப் போட்டாலும் சாப்பிடுகிறவர்களுக்கு இது தேவையில்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஏற்கனவே சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர்கள், அதிலும் இன்சுலின் அடிப்பவர்கள், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை போடுபவர்கள், டொக்டரிடம் சொல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. மருந்தின் அளவு அப்படியே இருக்கச் சாப்பாட்டில் மாவை மட்டும் குறைத்தால் இரத்தத்தில் சீனி மளமளவென்று இறங்கி மயங்கி விழ நேரும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். நான் மாத்திரை ஒன்றும் போடாதவன். அதனால் என் வழி எனக்குச் சுலபமாக இருந்தது.

முதல் தடவை கவிழ்ந்த கதை

ஒரு திங்கட்கிழமை ரொட்டி, சோறு, சீனி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினேன். போனில் யாரோ போட்ட பட்டியலைப் பார்த்துக் காலையில் சலாது இலையும் அவித்த முட்டையும். மத்தியானம் காளான். அதை மூன்று துண்டுக்கு மேல் விழுங்க முடியவில்லை. செவ்வாய் தலையிடி. புதன்கிழமை கைகால் சோர்ந்து கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த நிலையில் ஒரு கல்யாண மாப்பிள்ளையின் களிசான் துணியை இரண்டு இஞ்சி கட்டையாக வெட்டித் தொலைத்தேன். துணிக்காசு என் தலையில். வியாழக்கிழமை நூல் வாங்க ஹட்டனுக்குப் போனவன், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று மாலு பாணும் ஒரு கொத்து ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பி பஸ் ஏறினேன்.

பிழை எங்கே என்று அப்புறம்தான் விளங்கியது. எனக்குப் பிடிக்காத சாப்பாட்டுப் பட்டியலை யாரோ எழுதித் தந்தார்கள், நான் அதற்குள் என்னைத் தைக்கப் பார்த்தேன். தையற்காரன் அப்படிச் செய்வானா? ஆளை அளந்துதானே துணியை வெட்டுவோம்.

அளவு எடுப்பது

ஆகவே இரண்டாவது தடவை அளவுக் கொப்பியில் ஒரு புதுப் பக்கம் எடுத்தேன். மூன்று கோடு. முதல் பத்தியில் "கேட்டு வாங்கித் தின்பது", இரண்டாவதில் "பசித்தால் தின்பது", மூன்றாவதில் "செத்தாலும் மாட்டேன்". ஒரு வாரம் யோசித்து யோசித்து எழுதினேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதிக் குடுத்திருந்தா நானும் கொஞ்சம் யோசிச்சிருப்பேங்க" என்றாள்.

மூன்றாவது பத்தியை மூடிவிடுங்கள். அதோடு இப்போதைக்கு நமக்கு வேலை இல்லை. முதல் இரண்டு பத்தியிலும் மாச்சத்து குறைந்தவை எவை என்று வட்டம் போடுங்கள். மாச்சத்து என்று நான் சொல்வது மாவையும் சீனியையும் சேர்த்துத்தான், வயிற்றுக்குள் போனால் மா கடைசியில் சீனியாகத்தான் மாறுகிறது. எனக்கு வட்டம் விழுந்தவை முட்டை, நெத்தலி, கோழி, தேங்காய்ச் சம்பல், போஞ்சிப் பிரட்டல், முறுகலாக வறுத்த கோவா (முட்டைக்கோஸ்), கச்சான், மிளகு ரசம். எட்டு. ஒரு மனிதன் உயிர் வாழ எட்டு போதும். பொறுக்கித் தின்பவனுக்கு இதில் ஒரு அனுகூலமும் இருக்கிறது: ஒரே சாப்பாட்டை முப்பது நாளும் சாப்பிடச் சொன்னால் முகம் சுளிக்க மாட்டோம். மற்றவர்கள் அலுத்துப்போய் விடும் இடத்தில் நாம் நிலைத்து நிற்போம்.

அடுத்தது, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதை அப்படியே எழுதுங்கள், எதையும் மாற்றாமல். பக்கத்துச் சில்லறைக் கடைத் தராசில் மாவை நிறுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் 250 கிராம் கோதுமை மாவில் மூன்று ரொட்டி. கோதுமை மாவில் கிட்டத்தட்ட நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு மாச்சத்து. அப்படியானால் காலைச் சாப்பாட்டில் மட்டும் ஏறக்குறைய 185 கிராம். சமைத்த சோறு ஒரு கோப்பையில் 45 கிராம் வரும். மத்தியானம் மூன்று கோப்பை, இரவு இரண்டு. தேத்தண்ணிச் சீனி தனி, அதற்கு அப்புறம் வருகிறேன். மொத்தம் கூட்டினால் 480. ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே இறங்கினாலே அதை மாச்சத்துக் குறைந்த சாப்பாடு என்று பொதுவாகக் கணக்கெடுக்கிறார்கள். கீட்டோ என்பது அதையும் தாண்டி 50, சிலருக்கு 20 வரை இறங்குவது. அது 1921இல் அமெரிக்காவில் மாயோ கிளினிக்கில் வலிப்பு நோய்க்காரருக்கென்று வகுத்த பத்தியம். நம் போன்றவர்களின் வாய்க்கு அது தாங்காது. நான் குறி வைத்தது 130.

அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். காலையில் இரண்டு ரொட்டி சாப்பிட்டு, இரண்டு ரொட்டியைத் துணியில் சுற்றி மலைக்குக் கொண்டு போவார். கூடையோடு நாள் முழுக்க ஏறி இறங்கும் உடம்புக்கு அது சரியான கணக்கு. அதே ரொட்டியில் மூன்றை நான் மிஷினில் உட்கார்ந்துகொண்டு சாப்பிட்டேன், வித்தியாசம் அவ்வளவுதான். ரொட்டியைத் திட்ட எனக்கு மனசு வராது. என்னை வளர்த்த சாப்பாடு அது.

தேத்தண்ணியில் தொடங்குங்கள்

ரொட்டியில் கை வைக்கும் முன் தேத்தண்ணியில் கை வைக்கச் சொல்வேன். அங்கே புதிதாக எதையும் தின்னச் சொல்லப்போவதில்லை. எடுப்பது மட்டும்தான், சேர்ப்பது இல்லை. எனக்கு ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ், கிளாஸுக்கு மூன்று கரண்டி. ஒரு தேக்கரண்டிச் சீனி, தலை தட்டினால் 4 கிராம். பதினெட்டுக் கரண்டி, 72 கிராம். நான் என்றைக்குத் தலை தட்டிப் போட்டேன்?

சீனியைக் குறைப்பதற்கு முன் தேத்தண்ணி போடும் விதத்தைக் குறையுங்கள். நம் வீடுகளில் டஸ்ட் தூளைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வைத்துக் கறுப்பாக இறக்குவோம். அந்தக் கசப்பையும் துவர்ப்பையும் அமுக்கத்தான் மூன்று கரண்டி தேவைப்படுகிறது. தூளைக் கொஞ்சம் குறைத்து, கொதித்த தண்ணீரை ஊற்றி, மூடி வைத்து, மூன்று நிமிடத்தில் வடித்துவிடுங்கள். நிறம் செம்மையாக, வாசனையாக வரும். உலகமே காசு கொடுத்து வாங்கும் மலைத் தேயிலை நம் காலடியில் விளைகிறது, அதை நாம்தான் கஷாயமாக்கிக் குடிக்கிறோம். இஞ்சி ஒரு துண்டு தட்டிப் போட்டால் இனிப்பு குறைந்தது அவ்வளவாகத் தெரியாது.

அப்புறம் வாரத்துக்கு அரைக் கரண்டி. மூன்று, இரண்டரை, இரண்டு. ஐந்தாவது வாரம் அரைக் கரண்டிக்கு வந்துவிட்டேன். ஒன்றரையில் இருந்து ஒன்றுக்கு இறங்கிய வாரம்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. சிலர் சீனியை விட்டுவிட்டு உள்ளங்கையில் கருப்பட்டியை வைத்துக் கடித்துக் கடித்துப் பிளேன்டீ குடிப்பார்கள். பழைய பழக்கம், அழகான பழக்கம். ஆனால் கருப்பட்டியும் சீனிதான், உடம்பை ஏமாற்ற முடியாது. பால் தேத்தண்ணிக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பால்மாவில் பாலின் சொந்தச் சீனியே நூற்றுக்கு நாற்பது பங்கு கிட்ட இருக்கிறது. நான் பால் தேத்தண்ணியைச் சாயங்காலம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

ரொட்டியா, சம்பலா?

இதுதான் எனக்குக் கிடைத்த பெரிய ஞானம். ஒரு நாள் காலை ரொட்டியைப் பிய்த்து வெறுமனே வாயில் போட்டு மென்று பார்த்தேன், சம்பல் இல்லாமல். ஒன்றுமே இல்லை. சூடு, லேசான தேங்காய் வாசம், ஓரத்தில் கருகின மொறுமொறுப்பு, அவ்வளவுதான். நாற்பது வருடமாக நான் ஆசைப்பட்டது சம்பலுக்கு. ரொட்டி அதைத் தூக்கி வரும் வண்டி. சம்பலில் மாச்சத்து பெரிதாக ஒன்றும் இல்லை. ஐம்பது கிராம் தேங்காய்ப்பூவில் ஏழெட்டுக் கிராம்தான், அதிலும் பாதிக்கு மேல் செரிக்காத நார். (சீனிச் சம்பல் வேறு கதை, பெயரிலேயே இருக்கிறது.)

நீங்களும் உங்களுக்குப் பிடித்ததை இப்படிப் பிரித்துப் பாருங்கள். கொத்து ரொட்டியில் பிடித்தது ரொட்டியா, அந்தக் கோழிச் சாறும் வறுத்த லீக்ஸ் வாசமுமா? வடையில் பிடித்தது பருப்பா, காய்ந்த மிளகாயும் மொறுமொறுப்புமா? வண்டியை மாற்றினால் போதும், சரக்கு அப்படியே இருக்கட்டும்.

எனக்குச் சூடும் தேங்காய் வாசமும் கருகின ஓரமும் வேண்டும். அது மூன்றையும் தரும் வண்டியை மனைவியும் நானும் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. முட்டை இரண்டு. தேங்காய்ப்பூ நாலு மேசைக்கரண்டி, பொடியாகத் துருவியது. பெரிய துருவலாக இருந்தால் புரட்டும்போது பிய்ந்துவிடும். சின்ன வெங்காயம் இரண்டு, பச்சை மிளகாய் ஒன்று, கறிவேப்பிலை, உப்பு, மிளகுத்தூள். அதோடு பாமசியில் விற்கும் இசப்கோல் உமி ஒரு தேக்கரண்டி. எல்லாவற்றையும் அடித்துக் கலக்கிப் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டுத்தான் முதல் மூன்று நாளும் எங்களுக்குக் கொத்து முட்டையாக வந்தது. உமி ஈரத்தைக் குடித்து ஊதிக் கலவை ரொட்டி மா பதத்துக்குக் கெட்டியாக வேண்டும். ரொட்டிக் கல்லில் எண்ணெய் தடவி, நடுத்தர நெருப்பில் ஊற்றி, கரண்டியின் முதுகால் அரை இஞ்சி மொத்தத்துக்குப் பரப்பி, மூடி போடுங்கள். ஐந்து நிமிடம் எட்டிப் பார்க்காதீர்கள். ஓரம் பழுப்பாகிக் கல்லை விட்டுத் தானாகக் கழன்று வரும், அப்போது புரட்டுங்கள். அவசரப்பட்டு அகப்பையைச் செருகினால் போச்சு. இரண்டாவது பக்கம் இரண்டு நிமிடம். முட்டை நாற்றம் பிடிக்காதவர்கள் இன்னும் ஒரு நிமிடம் விட்டுக் கொஞ்சம் கருக விடுங்கள், நாற்றம் போய்விடும். இசப்கோல் சேர்ப்பதால் அதோடு ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர் கட்டாயம்.

இது ரொட்டி இல்லை. ரொட்டி மாதிரி என்று நினைத்துச் சாப்பிட்டால் ஏமாற்றமாக இருக்கும். சம்பலோடு சாப்பிட வேறொரு சாமான் என்று நினைத்தால் நன்றாக இருக்கும். செரிக்கும் மாச்சத்து ஐந்து கிராமுக்குள். காலை ஏழரைக்குச் சாப்பிட்டால் பன்னிரண்டரை வரை பசி தெரியாது. மூன்று ரொட்டி சாப்பிட்ட காலத்தில் பத்து மணிக்கே பிஸ்கட் பக்கெட்டைத் தேடுவேன்.

குரக்கன் (கேழ்வரகு) ரொட்டி, ஆட்டா ரொட்டி என்று பலரும் யோசனை சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள், இரண்டு மாதம் அந்த மாயையில் இருந்தேன். குரக்கனில் நார் அதிகம், வெள்ளை மாவை விட நல்லது, மறுக்கவில்லை. ஆனால் மாச்சத்து அதிலும் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேலே. "சீனிக்கு நல்லது" என்று நினைத்து நாலு சாப்பிட்டால் நாலு ரொட்டி சாப்பிட்டதுதான். சிவப்பரிசிக் கதையும் இதே.

சோறும் கிழங்கும்

சோற்றை நான் முற்றாக விடவில்லை. மத்தியானம் ஒரு கோப்பை. தட்டில் குவித்துப் போட்டு அளவு தெரியாமல் சாப்பிடுவதை நிறுத்த, ஒரே ஒரு தேத்தண்ணிக் கோப்பையைச் சோற்றுக்கென்று ஒதுக்கிவிட்டோம். மீதி இடத்துக்குக் கோவா. இதைப் படித்ததும் மூக்கைச் சுளிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், நானும் சுளித்தவன்தான். கோவாவை மூடி போட்டு நேரம் கூட வேக வைத்தால் அதில் உள்ள கந்தகச் சத்து உடைந்து அந்த அழுகல் வாடை வரும். எவ்வளவு நேரம் வேகிறதோ அவ்வளவு நாற்றம். ஆகவே நூல் மாதிரி மெல்லிசாக வெட்டுங்கள். இதில் எனக்குத் தொழில் கை கொடுத்தது. தாச்சியை நன்றாகச் சூடாக்கி, கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, பெரு நெருப்பில் நாலே நிமிடம், மூடாமல், தண்ணீர் தெளிக்காமல். உப்புக் கடைசியில்தான், முதலில் போட்டால் தண்ணீர் விட்டுத் தொளதொளத்துவிடும். மேலே பொரித்த நெத்தலியை உடைத்துத் தூவுங்கள். நெத்தலியைச் சுடுதண்ணீரில் ஊற வைத்து உப்பை எடுத்துவிட்டுப் பொரிக்க வேண்டும், குறிப்பாகப் பிறசர் உள்ளவர்கள்.

உருளைக்கிழங்கை விட்டது எப்படி என்றால், விட்டதே தெரியாமல் விட்டேன். பிரட்டலில் நாலு துண்டு கிழங்குக்கு ஒரு துண்டு நோக்கோல் (நூல்கோல்), அதே அளவில் வெட்டி. அடுத்த வாரம் மூன்றுக்கு இரண்டு. மசாலாவில் நன்றாக வெந்த நோக்கோலுக்கு முள்ளங்கி மாதிரிக் காரல் கிடையாது, லேசான இனிப்பு மட்டும். இப்போது ஒன்றுக்கு நாலு. அந்த ஒரு கிழங்கை முதலில் தேடிச் சாப்பிட்டுவிடுவேன். மனைவிக்கு அதில் சிரிப்பு.

ஒன்று முக்கியம். இதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், ஒளித்துச் செய்யாதீர்கள். ஒரு முறை என் மனைவி கத்தரிக்காயை மசித்துப் பருப்பில் கலந்துவிட்டாள். நல்ல எண்ணம்தான். நாலாவது வாயில் ஒரு விதை நாக்கில் தட்டியது. அன்றிலிருந்து மூன்று வாரம் பருப்பையே நான் தொடவில்லை. இருந்த ஒன்றும் போயிற்று. பொறுக்கித் தின்பவனுக்கு வேண்டியது தட்டில் இருப்பது இன்னது என்ற நம்பிக்கை. கணவனோ பிள்ளையோ, ஏமாற்றி ஊட்டினால் பட்டியல் சுருங்கும்.

பருப்பு நல்லதுதான், ஆனால் அதிலும் மாச்சத்து உண்டு. சமைத்தது நூறு கிராமுக்கு இருபது வரை. மூன்று கரண்டியோடு நிறுத்துங்கள். சோயா மீட்டைப் பாவிக்கலாம், அதோடு வரும் மசாலாப் பக்கெட்டில் மாவும் சீனியும் கலந்திருக்கிறதா என்று பின்பக்கம் வாசியுங்கள். பட்டர் புரூட் மாச்சத்து குறைந்த பழம், நம் பக்கம் சீசனில் கொட்டிக் கிடக்கும். நாம் அதைச் சீனியும் பாலும் போட்டு அடித்துத்தான் பழகிவிட்டோம். உப்பு, தேசிக்காய், மிளகாய்த்தூள் போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். எனக்கு ஒத்துவரவில்லை, மகளுக்குப் பிடித்துவிட்டது.

செலவைப் பற்றிப் பேசாமல் விட்டால் அது பொய். மாவும் சீனியும் அரிசியும்தான் மலையகத்தில் வயிற்றை மலிவாக நிரப்புகிறவை. முட்டையும் கோழியும் அப்படி இல்லை. நாங்கள் பிஸ்கட், மென்பானம், கடைச் சிற்றுண்டி மூன்றையும் நிறுத்திய காசை முட்டைக்குத் திருப்பினோம். அதுவும் முழுக்கப் போதவில்லை, மாதக் கடைசியில் இரவுக்கு அரை ரொட்டி கூடும். பரவாயில்லை. நாலு ரொட்டி இரண்டானாலே 120 கிராம் குறைகிறது.

தலையிடியும் உப்பும்

முதல் வாரத்தில் தராசில் இரண்டு மூன்று கிலோ இறங்கினால் துள்ளிக் குதிக்க வேண்டாம், பெரும்பாலும் அது தண்ணீர். உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாச்சத்து தீரத் தீரத் தண்ணீரும் போகும், அதோடு உப்பும் சிறுநீரில் கூடுதலாகப் போகும். என் தலையிடியும் கண் இருட்டலும் அதனால்தான். இரண்டாவது தடவை மெதுவாகக் குறைத்ததால் அவ்வளவாக வரவில்லை. வந்த நாளில் மிளகு ரசம் உப்போடு ஒரு கிளாஸ். தலவாக்கலைக் குளிரில் பதினொரு மணிக்கு அது தேத்தண்ணிக்கே போட்டி. பிறசருக்கு மருந்து எடுப்பவர்கள் உப்பைக் கூட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். மலச்சிக்கல் வந்தால் தண்ணீர், போஞ்சி, கீரைச் சுண்டல். கீரை ஆகாதவர்களுக்கு அந்த இசப்கோலே உதவும்.

தேங்காயும் முட்டையும் கூடுவதால் மூன்று மாதம் கழித்துக் கொலஸ்ட்ரோலையும் சேர்த்துப் பாருங்கள். சிலருக்கு ஏறும். எனக்குப் பெரிதாக ஏறவில்லை.

நாடாவை நம்புங்கள். களிசான் கட்டும் இடத்தில் பிடிக்காதீர்கள், அது தொப்பைக்குக் கீழே நழுவி ஆளுக்கு ஆள் பொய் சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு, வயிற்றை எக்காமல். நம் பக்கத்து ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், முப்பத்தைந்தரை இஞ்சி, எல்லை. பெண்களுக்கு 80. வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே கிழமையில். எனக்கு ஒன்பது மாதத்தில் 40 இஞ்சி 37 ஆனது. எச்பிஏ1சி 5.8. இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கிறது.

அம்மா வீட்டில்

கடையில், வீட்டில் எல்லாம் சமாளிக்கலாம். சாவு வீட்டுப் பிளேன்டீயையும் பிஸ்கட்டையும் "இப்பத்தான் குடிச்சேன்" என்று தள்ளலாம். திருவிழா அன்று சர்க்கரைப் பொங்கலை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அடுத்த வேளையில் சரி செய்யலாம். தோட்டத்தில் அம்மாவின் லயத்துக்குப் போனால்தான் கஷ்டம். இஸ்தோப்பில் கால் வைக்கும்போதே அடுப்பில் கல் காயும்.

"ஏன்டா தம்பி, ரொட்டி திங்காம என்னத்தடா திம்ப? மூஞ்சியெல்லாம் வத்திப்போச்சு."

விளக்கம் சொல்லிப் பார்த்தேன். கிராம், மாச்சத்து, எச்பிஏ1சி. அம்மா கேட்டுவிட்டு ரொட்டியில் இன்னும் கொஞ்சம் தேங்காய் போட்டார். இப்போது விளக்குவதில்லை. போவதற்கு முதல் நாளே போன் பண்ணி, "அம்மா, சம்பல் நெறைய இடிச்சு வைங்க, நெத்தலி பொரிங்க" என்று நானே கேட்டுவிடுவேன். கேட்டதைச் செய்வதில் அவருக்குச் சந்தோஷம். ஒரு ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து, பாதியை அவர் தட்டில் போட்டுவிட்டு, என் பாதியை மெதுவாகச் சாப்பிடுவேன். அன்று இரவு சோறு கிடையாது.

மூன்றாவது பத்தி

மூடி வைத்த அந்தப் பத்தியை நாலாவது மாதம் திறந்தேன். எட்டுச் சாமான் போதும் என்று சொன்னேனே, போதும்தான், ஆனால் மரக்கறி வகை கூடினால் உடம்புக்கு நல்லது. புதுச் சாப்பாடு பிள்ளைகளுக்குப் பழக எட்டு, பத்து, சில நேரம் பதினைந்து தடவை கூட வாயில் பட வேண்டும் என்கிறார்கள். பெரியவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, ஞாயிறு தோறும் ஒரு சாமான், ஒரே ஒரு வாய். பசியோடு இருக்கும்போது, பிடித்த சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்து. பிடிக்காவிட்டால் துப்பலாம், யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது. இது மனைவியோடு போட்ட ஒப்பந்தம். கொப்பியில் தேதியும் போடுவேன்.

காளானைச் சின்னதாக வெட்டித் தண்ணீர் முழுக்க வற்றி முறுகும் வரை வறுத்ததில் ஆறாவது தடவை இறங்கிவிட்டது. ரப்பர் போய்க் கருவாடு மாதிரி ஆகிவிடுகிறது. பச்சை மீனுக்குப் பதில் டின் மீனை வடித்து, தேசிக்காய் பிழிந்து, வெங்காயத்தோடு உலர வறுத்ததில் மூன்றாவது தடவையே சரி. தயிர் எட்டு ஞாயிறு பார்த்தாயிற்று, இன்னும் துப்புகிறேன். கத்தரிக்காய் பக்கம் இன்னும் போகவில்லை, அந்த விதை இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது.